போர் முடிந்த ஊருக்கு எதற்குப் பஞ்சாயத்து?

குமரி மாவட்டத்தில் 95 ஊராட்சிகள், 9 ஒன்றியங்கள். அது போக எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பேரூராட்சி அலுவலகத்தின் போர்டு கண்ணில் படும். இவ்வளவு நெருக்கமாக இருப்பதாலோ என்னவோ, உள்ளாட்சி மீது நமக்குப் பெரிய மரியாதை கிடையாது. தெருவிளக்கு எரியாதபோது, குடிதண்ணீர் வராதபோது, வீட்டு வரி ரசீது தேவைப்படும்போது மட்டும் ஞாபகம் வரும். ஆனால், போரில் சிதைந்த கிராமங்களை மறுபடி எப்படி நிமிர்த்துவது என்று பேசத் தொடங்குகிற எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்தச் சின்ன அமைப்பில்தான். ஆப்கானிஸ்தானில் அப்படித்தான் நடந்தது. நேபாளம், ஆப்பிரிக்காவின் சியரா லியோன், இந்தோனேசியாவின் அச்சே, கடல் தாண்டினால் இலங்கையின் வன்னி என்று பட்டியல் நீளும். ஏன் அப்படி, அது எப்படி வேலை செய்கிறது, எங்கே வேலை செய்யாது என்பதை இந்த விஷயத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

போர் ஒரு கிராமத்தில் எதை உடைக்கிறது என்று கேட்டால் வீடு, கிணறு, பாலம், பள்ளிக்கூடம் என்போம். சரிதான், படம் எடுக்கக்கூடியவை அவை. படத்தில் வராத ஒன்றும் உடைகிறது. ஊர் கூடி ஒரு விஷயத்தை முடிவு செய்யும் பழக்கம் போய்விடுகிறது. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் நடந்த போரில், கிராம வளர்ச்சிக் குழு அலுவலகங்கள் நிறையத் தகர்க்கப்பட்டன. கிராமச் செயலாளர்கள் உயிருக்குப் பயந்து மாவட்டத் தலைநகரங்களுக்கு ஓடி, அங்கிருந்தே கோப்பு பார்த்தார்கள். ஒரு பிறப்புச் சான்றிதழுக்கு மலை இறங்கி ஒரு நாள் நடக்க வேண்டும் என்றால், அந்த ஊருக்கு அரசாங்கம் என்று ஒன்று இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆவணமும் போகும், ஆவணத்தை வாயில் வைத்திருந்த ஆட்களும் போவார்கள். எந்த வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய காணி, எந்தக் குளத்துக்கு யார் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று தெரிந்த பெரியவர் செத்திருப்பார், அல்லது முகாமில் இருப்பார், அல்லது மகனோடு கனடா போயிருப்பார். போர்க் காலத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் முடிவு செய்வார். போர் முடிந்தபின் ராணுவம், மாவட்ட அதிகாரி, தொண்டு நிறுவனத்தின் ஜீப் என்று முடிவு செய்கிறவர்கள் மாறுவார்கள். ஊர்க்காரர் இரண்டு காலத்திலும் வரிசையில்தான் நிற்பார்.

அந்த வரிசையிலிருந்து அவரை எடுத்து, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைப்பதைத்தான் உள்ளூர் தன்னாட்சி என்கிறோம். அதற்கு முடிவெடுக்கும் அதிகாரம் வேண்டும். முடிவை நிறைவேற்றக் கையில் காசு வேண்டும். முடிவெடுத்தவரை எழுந்து நின்று கேள்வி கேட்கவும், சரியில்லை என்றால் மாற்றவும் வழி வேண்டும். காசு இல்லாத அதிகாரம் தீர்மான நோட்டோடு நின்றுவிடும். கேள்வி கேட்க வழியில்லாத காசு எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். தோதாகத் தோவாளைப் பக்கம் என்றே வைத்துக்கொள்ளலாம். போர் மட்டும் இரவல். 120 குடும்பம் வெளியேறிய ஊருக்கு 80 குடும்பம் திரும்பி வந்திருக்கிறது. குளத்தங்கரை ஒரு இடத்தில் உடைந்து கிடக்கிறது, மடையின் ஷட்டரை எவனோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. ஊருக்குள் வரும் ரோடு குண்டும் குழியுமாக இருக்கிறது. வந்திருக்கும் பணம் இவற்றில் ஒன்றுக்குத்தான் காணும்.

இதை ஒரு அதிகாரி மேசையில் வைத்து முடிவு செய்தால், பத்துக்கு எட்டு முறை ரோடுதான் வரும். சீக்கிரம் முடியும், அளந்து காட்டலாம், திறப்பு விழா வைக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஊர் கூடினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

"மடையச் சரி பண்ணினா ஊரே சாப்பிடும்" என்பார் ஒரு பெரியவர்.

"உங்க வயலு தலைமடையில கெடக்கு பாட்டா, நீங்க அப்படித்தான் சொல்லுவிய. எங்க பக்கம் தண்ணி வந்து சேருமா?" என்று கடைமடைக்காரர் ஒருவர் எழுந்திருப்பார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக் கிணற்றின் பேச்சு வரும். ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் மடைக்குத்தான் பணம் என்று முடிவாகலாம். ஆனால் வெறும் முடிவாக இருக்காது. கடைமடை வரைக்கும் வாய்க்காலைத் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் இரண்டு நாள் வர வேண்டும், ஆண் துணை இல்லாத வீட்டுக்கு விலக்கு, கிணற்றை இறைத்துச் சுத்தம் பண்ண அதே ஆட்கள் ஒரு நாள் தர வேண்டும் என்று வால்கள் சேரும். அந்த வால்களில்தான் விஷயம் இருக்கிறது. யார் வயல் எங்கே கிடக்கிறது, எந்த வீட்டில் ஆள் இல்லை, யார் யாரிடம் பேசுவதில்லை என்று தெரிந்தவர்கள் கூடினால் மட்டுமே இப்படி ஒரு முடிவு வரும். அடுத்த மழையில் ஷட்டரில் சப்புச்சவறு அடைத்தால் இறங்கி எடுக்கவும் ஆள் வரும்.

இதையே ஒரு நாடு முழுக்கச் செய்து பார்த்தது ஆப்கானிஸ்தான். 2003இல் தொடங்கிய தேசிய ஒற்றுமைத் திட்டத்தின் முறை எளிமையானது. கிராமத்தார் ரகசிய வாக்கெடுப்பில் ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் பெண்களுக்கும் இடம் உண்டு. ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார முடியாத ஊர்களில் பெண்கள் தனியாகக் கூடினார்கள். குடும்பத்துக்கு 200 டாலர் என்று கணக்கிட்டு, ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர் வரை மானியம் வரும். குடிநீரா, மின்சாரமா, பாலமா என்பதை ஊரே முடிவு செய்யும். செலவில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ கல் மண்ணாகவோ ஊர் போட வேண்டும். கூட்டம் நடத்தவும் கணக்கு எழுதவும் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் கூடவே இருக்கும். 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் இப்படி மன்றங்கள் வந்தன.

கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே பழைய உதாரணம் உண்டு. போரோடு சம்பந்தம் இல்லாதது, இருந்தாலும் சொல்கிறேன். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு என்று குடிசைக்குக் குடிசை போய்ப் பழக்கியது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்றைக்கு இருக்கும் பெயரின் வேர் அங்கேதான். பணத்தை விட்டெறிந்துவிட்டுப் போகாமல், பக்கத்தில் இருந்து பழக்கிவிட்டு விலகிக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். விலகிக்கொள்வதுதான் பல நிறுவனங்களுக்கு வருவதில்லை.

பட்டியல் யார் கையில்?

என்னைக் கேட்டால், போருக்குப் பிந்தைய உள்ளாட்சியில் கட்டடத்தைவிட முக்கியமான பொருள் பட்டியல். வீடு யாருக்கு, இழப்பீடு யாருக்கு, படகு யாருக்கு, யார் செத்தார், யார் காணாமல் போனார் என்ற பட்டியல். அதை யார் எழுதுகிறார்கள், எங்கே ஒட்டுகிறார்கள், தப்பு என்று யாரிடம் போய்ச் சொல்லலாம் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால், அந்த ஊரில் தன்னாட்சி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

குமரிக்காரருக்கு இதை விளக்க ஒக்கி ஒன்று போதும். 2017 நவம்பர் 30 அன்று புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் இருந்தார்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசுக் கணக்கும் கடற்கரை ஊர்களின் கணக்கும் பல நாட்கள் ஒத்துப்போகவில்லை. ஊர்க் கணக்கு தேவாலயப் பங்குகளில் எழுதப்பட்டது. எந்தப் படகில் யார் யார் ஏறினார்கள் என்பது அந்தந்த வீட்டுக்கும் தெருவுக்கும் தெரியும். அன்பியம் அன்பியமாக, அதாவது பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்னக் குழுக்களாக, வீடுகள் அறிமுகமான ஊர்களில் ஒரு பெயர்கூடத் தப்பாது. வெளியூர்த் தொழிலாளியும் அதே படகில் போயிருப்பான், அவன் பெயரும் ஊர்க் கணக்கில்தான் முதலில் வரும். அரசு கடைசியில் அந்தக் கணக்கை நோக்கித்தான் நகர வேண்டியிருந்தது. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள 7 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற சட்ட நடைமுறையைத் தளர்த்திய பிறகே குடும்பங்களுக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்தது.

இது புயல். போரில் இதே சிக்கல் ஆயிரம் மடங்கு. கணவன் எங்கே என்று தெரியாத பெண்ணிடம் மரணச் சான்றிதழ் இருக்காது. மரணச் சான்றிதழ் இல்லாமல் காணி பெயர் மாறாது, வங்கிக் கணக்கு திறக்காது. காணி பெயரில் இல்லாதவருக்கு வீட்டுத் திட்டம் வராது. வன்னியில் 2009க்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகத் தாங்கிய பெண்கள் இந்தச் சுழலில்தான் சிக்கினார்கள்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். போர் 2009 மே மாதம் முடிந்தது. ஏறத்தாழ 3 லட்சம் பேர் வவுனியாவின் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்டார்கள். கண்ணிவெடி அகற்ற அகற்ற ஊர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவு மக்களும் உண்டு. அவர்களின் காணியில் ராணுவம் இருந்ததால், சொந்த ஊருக்குப் போகவில்லை, வேறொரு இடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள்.

திரும்பியவர்களுக்கு ஊரில் இருந்த முதல் அரசு முகம் கிராம அலுவலர். மக்கள் வாயில் இன்றும் கிராம சேவகர், இல்லையென்றால் வெறும் ஜி.எஸ். அவர் பிரதேச செயலகத்தின் கீழ் வருபவர், பிரதேச செயலகம் கொழும்பு அரசின் கை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதேச சபை தனி அமைப்பு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவானது. உள்ளூர் வீதி, வடிகால், சந்தை, நூலகம், மயானம், சுகாதாரம் அதன் பொறுப்பு. தலைவருக்கு அங்கே தவிசாளர் என்று பெயர். நமது வி.ஏ.ஓ.வையும் ஊராட்சித் தலைவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

வடக்கில் பல சபைகளுக்கு 2011இல் தேர்தல் நடந்தது. போரின் கடைசிக் கட்டத்தைத் தாங்கிய புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று சபைகளுக்கு நடக்கவில்லை. அங்கே 2018 பிப்ரவரியில்தான் வாக்கெடுப்பு. போர் முடிந்து ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வீடு கட்டுவது, ரோடு போடுவது என்று பெரும்பாலான புனரமைப்பு முடிவுகள் அதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது. உள்ளாட்சி வந்துசேர்ந்தபோது விருந்து முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒன்பது வருடம் ஊர் சும்மா இருக்கவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம் என்று பழைய அமைப்புகள் ஒவ்வொன்றாக உயிர்த்தன. குளத்து நீரைப் பங்கிடுவது, விதைப்புத் தேதியை முடிவு செய்வது, கடன் கொடுப்பது எல்லாம் இவற்றின் வழியாக நடந்தது. இந்திய அரசின் 50 ஆயிரம் வீட்டுத் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுப்பதற்குப் பதிலாக, பெரும்பாலான வீடுகளுக்கு 5,50,000 இலங்கை ரூபாய் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போனது. அஸ்திவாரம் முடிந்தால் அடுத்த தவணை, கூரை ஏறினால் அதற்கடுத்தது. பயனாளிப் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி ஆட்சேபம் கேட்கும் முறையும் இருந்தது. சிமெண்டு மூட்டையின் விலையைக் கட்டுகிறவரே பேரம் பேசினால், கொத்தனாரும் மேஸ்திரியும் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள். இதற்குப் பொருளாதாரப் படிப்பு தேவையில்லை.

உள்ளூர் என்றால் எல்லோருமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. ஊர் கூடி முடிவெடுத்தது என்று கேட்டதும் நமக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. எந்த ஊர், யார் கூடினார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

நாஞ்சில் நாட்டுக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படைகள் இங்கே இறங்கி வயலையும் ஊரையும் சூறையாடின. படை போனபின் வரி கேட்டு வேணாட்டு அரசின் ஆட்கள் வந்தார்கள். ஊர்கள் சேர்ந்த நாட்டார் கூட்டம் கூடியது. அழிந்த வயலுக்கு எப்படி வரி கட்டுவது என்று எதிர்த்து நின்றது, வரி நீக்கம் கேட்டது. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள் போன்றவற்றிலிருந்து இந்தக் கூட்டங்களைப் பற்றித் தெரிகிறது. அரசனையே எதிர்த்து ஊர்கள் சேர்ந்து நின்றது சின்ன விஷயமில்லை. போருக்குப் பிந்தைய உள்ளூர் தன்னாட்சி என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் நிலம் உள்ளவர்கள். அந்த நிலத்தில் இறங்கி நாற்று நட்டவர்களுக்கு அங்கே குரல் இல்லை. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தெருவில் நடக்கவும் மேலாடை அணியவும் போராட வேண்டியிருந்த மக்கள் இதே மண்ணில் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தார்கள்.

அதனால்தான் இன்றைய சட்டங்கள் நாற்காலியை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கின்றன. நேபாளத்தின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. 2015 அரசியலமைப்புக்குப் பிறகு 753 உள்ளாட்சிகள் உருவாயின. ஒவ்வொரு வார்டிலும் தலைவரோடு நான்கு உறுப்பினர்கள். நால்வரில் இருவர் பெண்கள், அந்த இருவரில் ஒருவர் தலித்தாக இருந்தாக வேண்டும். 2017இல் தேர்தல் நடந்தபோது சுமார் 14 ஆயிரம் பெண்கள் உள்ளே வந்தார்கள். உள்ளாட்சிக்கு ஒரு நீதிக்குழுவும் உண்டு. வேலித் தகராறு, தண்ணீர்த் தகராறு, கூலி பாக்கி போன்றவற்றைத் தீர்க்கும் அந்தக் குழுவுக்கு உள்ளாட்சியின் துணைத் தலைவர்தான் தலைவர். துணைத் தலைவர் பதவியில் பெரும்பாலும் பெண்கள்தான் ஜெயித்து வந்தார்கள். ஆக, போர் முடிந்த நாட்டில் ஊர் வழக்கைக் கேட்கும் நாற்காலியில் பெண்கள் உட்கார்ந்தார்கள். இலங்கையும் 2018 தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீதம் ஒதுக்கியது. நம் ஊரில் 2016 முதல் 50 சதவீதம். தலைவர் அக்கா கையெழுத்துப் போட, கணவர் ஆட்சி செய்யும் ஊர்களும் இருக்கின்றன என்பது வேறு கதை. ஆனால் இரண்டாவது முறை ஜெயித்த அக்காமார்களிடம் அந்த வேலை நடக்காது.

அப்படியானால் இது பலன் தருகிறதா? இதை ஆராய்ச்சியாளர்கள் உண்மையாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் 500 கிராமங்களை எடுத்து, பாதி ஊர்களில் திட்டத்தை முதலில் கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். குடிநீரும் மின்சாரமும் கிடைப்பது மேம்பட்டது. பெண்கள் ஊர் விவகாரங்களில் கலந்துகொள்வது கூடியது. அரசின் மீது நல்லெண்ணமும் வந்தது, ஆனால் பணம் வந்துகொண்டிருந்த வரைக்கும்தான். திட்டம் முடிந்ததும் பழைய பெரிய மனிதர்களே மறுபடி ஊரை நடத்தினார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது இந்த ஆயிரக்கணக்கான மன்றங்களால் மேலே இருந்த அரசைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. தாங்கும் என்று எதிர்பார்த்ததே அதிகம்.

அதே ஊர்களில் கோதுமை நிவாரணம் கொடுத்தபோது இன்னொன்றையும் கவனித்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றமும் இருக்கிறது, பழைய ஊர்ப் பெரியவர்களும் இருக்கிறார்கள், யார் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றால் கோதுமை அதிகம் களவு போகிறது. இருவரும் கை வைக்கிறார்கள், ஒருவரும் பதில் சொல்வதில்லை. கடற்கரையில் பங்குப் பேரவை, ஊருக்குள் கோயில் கமிட்டி, சமுதாய டிரஸ்ட், அதற்கு மேலே ஊராட்சி என்று வாழும் நமக்கு இது புதிதில்லை. ஆபத்துக் காலத்தில் முதலில் ஓடி வருவது கமிட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அரசுப் பணத்துக்கு யார் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும்.

சியரா லியோனிலும் கிட்டத்தட்ட இதே முடிவுதான். 1972இல் உள்ளாட்சி மன்றங்களையே கலைத்துவிட்டு, எல்லாவற்றையும் தலைநகரிலிருந்தும் குறுநிலத் தலைவர்கள் வழியாகவும் நடத்திய நாடு அது. கிராமத்து இளைஞர்களுக்கு இருந்த கசப்பு 1991இல் தொடங்கிய போருக்கு எரிபொருளானது. போர் 2002இல் முடிந்தபின், 2004இல் புதுச் சட்டம் போட்டு 19 மன்றங்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கிராமங்களுக்கு நேரடி மானியம் கொடுத்த ஒரு திட்டத்தை ஆராய்ந்தபோது, கிணறும் கட்டடமும் சந்தை வியாபாரமும் கூடியிருந்தன. பெண்களும் இளைஞர்களும் முடிவெடுப்பதில் நிலையாக உள்ளே வந்தார்களா என்றால், இல்லை.

அச்சேயில் 2005 ஆகஸ்டு 15 அன்று ஹெல்சிங்கியில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவியைக் கிராமக் கூட்டங்கள் வழியாகக் கொடுத்தார்கள். பாலம் கட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். பெரும்பாலான ஊர்கள் பணத்தை வீட்டுக்கு வீடு பங்கிட்டுக்கொண்டன. நிபுணர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. மாடும் கலப்பையும் இழந்தவனிடம் போய்ச் சமுதாயக் கூடம் கட்டு என்று சொல்ல யாருக்கு உரிமை? வறுமை குறைந்தது. ஆனால் பிளந்து கிடந்த ஊர் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்தால், அதற்குப் பெரிய ஆதாரம் கிடைக்கவில்லை. சேர்ந்து கிணறு வெட்டினால் பகை தீரும் என்பது நல்ல ஆசை, அவ்வளவுதான். கொலைக்கு நியாயம், காணாமல் போனவருக்குப் பதில், ராணுவம் பிடித்த காணி திரும்புவது ஆகியவற்றைப் பஞ்சாயத்தால் கொடுக்க முடியாது. கேப்பாப்புலவுப் பெண்கள் 2017இல் காணிக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். பிரதேச சபை இருந்திருந்தாலும் அவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். காணியை விடுவிக்கும் அதிகாரம் சபைக்குக் கிடையாது.

தேர்தலை எப்போது வைப்பது என்பதும் கஷ்டமான கேள்வி. போர் முடிந்த சூட்டோடு வைத்தால், ஆயுதத்தை இன்னும் மண்ணுக்குள் புதைத்து வைத்திருப்பவர் ஜெயிப்பார். முகாமில் இருப்பவருக்கு வாக்கும் இருக்காது. தள்ளிப்போட்டால் அதிகாரிகளுக்குப் பழகிவிடும். நேபாளத்தில் 2002இல் காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு 2017 வரை தேர்தல் இல்லை. அதில் பாதிக்கு மேல் சமாதானக் காலம். இலங்கையில் 2023 மார்ச்சில் காலம் முடிந்த சபைகளுக்கு, காசில்லை என்று தேர்தலை நிறுத்தினார்கள். அது குடிமக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்றுதான் வாக்கெடுப்பு நடந்தது. நடுவில் இரண்டு வருடம் ஆணையாளர்களும் செயலாளர்களும் ஆட்சி.

சிரிக்க வேண்டாம். போர் எதுவும் நடக்காத தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை தனி அலுவலர் ஆட்சிதான். 2019 டிசம்பரில் குமரி உட்பட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் தேர்தல் நடந்தது. அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் மறுபடி தனி அலுவலர் வந்தார். தனி அலுவலர் மோசமானவர் என்று சொல்லவில்லை. ஆனால் ஓடை அடைத்துத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்ட ஒரு வார்டு மெம்பர் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒன்றா? வாக்கு கேட்டு நம் வாசலுக்கு வந்தவரிடம் மட்டும்தான் அப்படித் தட்ட முடியும்.

இதையெல்லாம் இங்கிருந்தே நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு வழி உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளும் அதுதான். அன்றைக்குப் போய் உட்காருங்கள். வரவு செலவு வாசிப்பார்களா, பயனாளிகள் பெயரைச் சத்தமாகச் சொல்வார்களா, தீர்மான நோட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிட்டு விஷயத்தைப் பிறகு எழுதுகிறார்களா என்று கவனியுங்கள். கேள்வி கேட்பவரை யார் உட்காரச் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள், அந்தக் கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று. பழவிளை, பெருமாள்புரம் போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. போருக்குப் பயந்து வந்தவர்களும், இங்கேயே பிறந்து இங்கேயே பிள்ளை பெற்றவர்களும் அவற்றில் வாழ்கிறார்கள். கிராம சபை உறுப்பினர் என்றால் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர் என்பது சட்டம், அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது. திரும்பிப் போக நினைப்பவர்களுக்கு அங்கேயும் இதே வேலைதான் காத்திருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து குடியுரிமை வாங்க வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் காணி உறுதியை, அதாவது பத்திரத்தை, தேடி எடுக்க வேண்டும். அப்புறம் கிராம சேவகரிடம் குடும்பத்தைப் பதிய வேண்டும், வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயர் ஏற வேண்டும். அதெல்லாம் முடிந்தபின்தான் சந்திக்குத் தெருவிளக்கு போடச் சொல்லித் தவிசாளரிடம் உரிமையோடு கேட்க முடியும்.